பிரம்பு தலைமையாசிரியர் அறையில் இருந்தது

கடந்த மார்ச் மாதம், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் என் பழைய மாணவர்கள் கூடினார்கள். 1976இல் என்னிடம் ஸ்டாண்டர்ட் 4, அதாவது ஆறாம் வகுப்பு, படித்தவர்கள். எல்லாருக்கும் அறுபது வயதாகிவிட்டது; சிலர் பேரப்பிள்ளைகளையும் அழைத்து வந்திருந்தார்கள். பிரியாணி பரிமாறி முடிவதற்குள் பேச்சு பிரம்பில் வந்து நின்றது. எந்த ஆசிரியர் எத்தனை அடி கொடுத்தார், கால்சட்டைக்குள் நோட்டுப் புத்தகத்தைச் செருகிக்கொண்டு போனவன் யார், அழாமல் திரும்பி வந்தவன் யார் என்று ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு சொன்னார்கள். ஒருவர் எழுந்து நின்று, அந்தப் பிரம்புதான் எங்களை மனிதராக்கியது, இன்றைய பிள்ளைகளுக்கு அது இல்லாமல் போனதுதான் கேடு என்றார். மண்டபமே கைதட்டியது. நான் தட்டவில்லை. என் பக்கத்தில் என்னைவிட மூத்த ஆசிரியைகள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் மடியில் வைத்த கையை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் என்னை உறுத்தியது எது என்று பிடிபட்டது. அன்று சொன்ன கதைகளில் ஒன்றில்கூட ஆசிரியை இல்லை. எங்கள் பள்ளியில் பாதிக்கு மேல் நாங்கள்தான் இருந்தோம். காலை மணி அடித்தது முதல் மாலை வரை நாற்பது, நாற்பத்தைந்து பிள்ளைகளை உட்கார வைத்துப் படிக்க வைத்தோம். ஆனால் ஒழுக்கம் என்ற பேச்சு வந்தால் எல்லாருக்கும் ஞாபகத்துக்கு வருவது தலைமையாசிரியர் அறையின் அலமாரிக்குள் இருந்த அந்தக் கழி மட்டும்தான். இதை நான் எழுதாவிட்டால் எங்களில் வேறு யார் எழுதப்போகிறார்கள் என்று தெரியவில்லை.

நான் டர்பனின் கிளேர்வுட்டில் பிறந்தவள். அப்பா பகலில் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் இறைப்பார்; மாலையில் கோயில் தாழ்வாரத்தில் தெருப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பார். இன்று நான் தமிழில் எழுத முடிகிறதென்றால் அந்தத் தாழ்வாரம்தான் காரணம். டர்பனில் என் வயதுக்காரர்களில் பலர் தமிழைக் காதால் அறிவார்கள், கையால் அறியமாட்டார்கள். ஸ்பிரிங்ஃபீல்ட் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்து, 1974 ஜனவரியில் வேலைக்குச் சேர்ந்து, 2012இல் ஓய்வு பெற்றேன்.

1860 நவம்பரில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல், டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தது. அதில் வந்தவர்களின் பிள்ளைகளுக்கு முதலில் பள்ளி வைத்தவர்கள் கிறித்தவ மிஷன்கள். பிறகு நம்மவர்களே காசு சேர்த்து, செங்கல் சுமந்து பள்ளிக்கூடம் கட்டினார்கள். சம்பளம் அரசு கொடுத்தது. ஆண்பிள்ளைகளுக்காக 1929இல் சாஸ்திரி கல்லூரியே வந்துவிட்டது. பெண்பிள்ளைகளின் கதை வேறு. என் ஆயா, அதாவது பாட்டி, பள்ளி வாசலை மிதித்ததில்லை. என் அம்மா பெரியவளான வாரமே புத்தகப் பையை ஆணியில் மாட்டினார், பிறகு அதை எடுக்கவே இல்லை. அனுப்ப மனம் இருந்த தகப்பன்மாரும் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: ஆசிரியை இருந்தால் அனுப்புகிறோம். அதாவது, பல பள்ளிகளில் பெண் முதன்முதலாக ஆசிரியை ஆனது பாடம் நடத்த என்பதைவிடக் காவல் இருக்க. தலைமுடி பின்னியிருக்கிறதா, பாவாடை முழங்காலுக்குக் கீழே இருக்கிறதா, இடைவேளையில் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்பதையெல்லாம் கவனிப்பதுதான் அவளிடம் எதிர்பார்த்த ஒழுக்கம். நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் அந்தப் பொறுப்பு எங்கள் தலையில்தான் இருந்தது. பையன் கல்லெறிந்தால் அது குறும்பு. பெண் சத்தமாகச் சிரித்தால் எனக்குச் சீட்டு வரும்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் எங்கள் பள்ளியின் மூத்த ஆசிரியை. பிள்ளைகளுக்கு அவர் மேடம். யாரும் இல்லாத நேரத்தில் நான் அக்கா என்பேன். பெயரைச் சொல்ல அவர் விரும்பமாட்டார். 1950களில், பிளாட்டூன் முறை இருந்த காலத்தில் வேலைக்கு வந்தவர். இளையவர்களுக்கு அந்தச் சொல்லே தெரியாது. கட்டடம் போதாததால் ஒரே வகுப்பறையில் காலையில் ஒரு கூட்டம், மதியத்துக்கு மேல் இன்னொரு கூட்டம். காலைப் பிள்ளைகளின் வியர்வையும் ரொட்டி வாசனையும் தங்கிய அறைக்குள், வெயில் ஏறிய பிறகு, ஐம்பது பேர் நுழைவார்கள். மதியக் கூட்டம் அடங்காத கூட்டம் என்று பெயர் வாங்கியிருந்தது. அங்கே பிரம்புக்கு ஓய்வே இல்லை. அக்காவுக்குக் கொடுத்தது அந்தக் கூட்டத்தைத்தான். ஒரு மாதம் கவனித்துவிட்டு அவர் கண்டுபிடித்தது இவ்வளவுதான்: காலையில் ஒரு தேநீர் குடித்துவிட்டுத் தெருவில் அலைந்த பிள்ளை பிற்பகல் இரண்டு மணிக்குப் பசியில் இருக்கிறது. வீட்டிலிருந்து இரண்டு ரொட்டியும் ஒரு ஜாம் டப்பாவும் கொண்டுவர ஆரம்பித்தார். மணி அடித்ததும் ஆளுக்கு அரைத் துண்டு, அதன் பிறகுதான் கணக்கு. "அந்த வருஷம் நான் யாரையும் மேலே அனுப்பவில்லை" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். மேலே என்றால் தலைமையாசிரியர் அறை.

அந்த ரொட்டியை அவர் வாங்கியது எந்தச் சம்பளத்தில் என்பதையும் சொல்ல வேண்டும். அதே பயிற்சி பெற்ற ஆணைவிட அவருக்குக் குறைவு. வெள்ளைக்கார ஆசிரியையைவிட இன்னும் குறைவு. கல்யாணமானதும் அவருடைய நிரந்தர வேலை தற்காலிக வேலையாகிவிட்டது. ஒவ்வொரு ஆண்டும் முடியும்போது அடுத்த ஆண்டு இடம் இருக்கிறதா என்று காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருப்பவளின் வகுப்பில் சத்தம் கேட்கக்கூடாது. இன்ஸ்பெக்டர் நடைபாதையில் வரும்போது ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி இருந்தால் நல்ல ஆசிரியை, இல்லையென்றால் வகுப்பை அடக்கத் தெரியாதவள். ஆண்களையும் இன்ஸ்பெக்டர் பார்த்தார்தான். ஆனால் அவர்கள் கையில் பிரம்பு இருந்தது, காலடியில் நிரந்தர வேலை இருந்தது. எங்களுக்கு இரண்டும் இல்லை.

எங்கள் பள்ளியில் பிரம்பு ஆண்களின் கருவி. ஆசிரியை தொடக்கூடாது. அடங்காத பையனை ஒரு சீட்டுடன் மேலே அனுப்பலாம். அவன் போய், குனிந்து, வாங்கிக்கொண்டு திரும்புவான். பதிவேட்டில் பெயர் ஏறும். என் முதல் வருஷத்தில் வாரத்துக்கு மூன்று நான்கு பேரை அனுப்பினேன். திரும்பி வருகிறவன் வீரனைப்போல வருவான். வகுப்பு முழுவதும் அவன் முகத்தைப் பார்க்கும், பிறகு திரும்பி என் முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அக்காதான் ஒரு நாள் எனக்குச் சொன்னார். "வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டுக்காரனிடம் கொடுத்துவிட்டு நிற்கிறாய். பிள்ளைகளுக்கு அது தெரிந்துவிட்டது" என்றார்.

அவருடைய வகுப்பில் போய் உட்கார அனுமதி கேட்டேன். மூன்று நாள் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். மணி அடிப்பதற்கு முன்பே அவர் கதவருகே நின்றார். ஒவ்வொரு பிள்ளையும் அவரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். யார் சாப்பிடவில்லை, யார் அண்ணன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான், யார் வீட்டில் இரவு சண்டை என்பதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் அவருக்குத் தெரிந்துவிடும். கரும்பலகையில் எழுதும்போது அவர் முதுகைக் காட்டமாட்டார். பக்கவாட்டில் நின்று, தோளுக்கு மேலே கையை நீட்டி எழுதுவார். இதைப் பழக எனக்கு ஆறு மாதம் ஆயிற்று, தோள்பட்டை வலி இன்னும் இருக்கிறது. சத்தம் ஏறினால் அவர் குரல் இறங்கும். முன் வரிசைக்கு மட்டும் கேட்கிற மாதிரி பாடத்தைத் தொடர்வார். பின் வரிசை தானாக, என்ன சொன்னார் என்ன சொன்னார் என்று அடங்கும். செய்ய முடியாததைச் சொல்லி மிரட்டியதே இல்லை. "வெளியே நில்" என்றால் அவன் வெளியே நிற்பான். "இனிமேல் உன்னைச் சேர்க்கவே மாட்டேன்" என்ற மாதிரி பொய் அந்த வாயிலிருந்து வராது.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆச்சரியமாக இருந்தது ஒன்று உண்டு. அவர் ஒருபோதும் பிள்ளையின் நிறத்தையோ, தகப்பன் வேலையையோ, வீட்டையோ சொல்லித் திட்டியதில்லை. ஆண்கள் பிரம்பால் அடித்தார்கள் என்றால் நாங்கள் நாக்கால் அடித்தோம் என்பதை மறைக்க நான் இங்கே எழுதவில்லை. ஸ்கேலின் ஓரத்தால் விரல் முட்டியில் தட்டினோம். தொடையைக் கிள்ளினோம், காதைத் திருகினோம். இவையெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. "உன் முகத்துக்குப் படிப்பு ஒரு கேடா" என்று ஒரு கறுத்த பெண்ணைப் பார்த்து ஓர் ஆசிரியை சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அந்தச் சொல்லை அந்தப் பெண் எத்தனை வருஷம் சுமந்திருப்பாள்? அன்று மாலை அக்கா அந்த ஆசிரியையைத் தனியாகக் கூப்பிட்டு வெகுநேரம் பேசினார். என்ன பேசினார் என்று இருவரும் சொல்லவில்லை.

சாட்ஸ்வொர்த்துக்கு வந்த பிறகு அக்காவின் வேலை இரட்டிப்பாயிற்று. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் ஒழுக்கம் கெட்டுவிட்டது என்று புலம்புகிறவர்கள் யாரும் இந்த இடத்தைத் தொடுவதில்லை. பழைய குடியிருப்புகளில் ஆசிரியை அதே தெருவில் இருந்தாள். பையன் காலையில் செய்த குறும்பு மாலைக்குள் கோயில் குழாயடியில் அவன் ஆயா காதுக்குப் போய்விடும். பெரியம்மா, சின்னம்மா, அத்தை என்று ஒரு தெருவே அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு, எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950ஆம் ஆண்டின் குடியிருப்புப் பகுதிச் சட்டம் வந்தது. கேட்டோ மேனரிலிருந்தும் மகசின் பாரக்ஸிலிருந்தும் இன்னும் எத்தனையோ இடங்களிலிருந்தும் நம்மவர்களைப் பெயர்த்தார்கள். 1960களில் சாட்ஸ்வொர்த்தில் வரிசை வரிசையாக நகராட்சி வீடுகள் எழுந்தன. இடங்களுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. யூனிட் இரண்டு, யூனிட் மூன்று என்று எண்தான். கூட்டுக் குடும்பம் அந்தச் சின்ன அறைகளுக்குள் அடங்கவில்லை. ஒரு மகன் யூனிட் ஐந்தில், இன்னொருவன் யூனிட் பதினொன்றில், ஆயா யார் வீட்டில் என்று தெரியாது. தகப்பன் இருட்டோடு பஸ் ஏறி இருட்டோடு திரும்புவார். தாய்மார் பலர் துணித் தொழிற்சாலைக்குப் போக ஆரம்பித்தார்கள். பிள்ளை பள்ளி விட்டு வந்து சாவியால் கதவைத் திறந்துகொள்ளும். பள்ளிகளில் பிள்ளைகள் நிரம்பி வழிந்தார்கள். 1973 முதல் இந்தியப் பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்வி படிப்படியாக வந்ததும் இன்னும் நிரம்பினார்கள். அந்தத் தெருவை உடைத்தவர்கள் யாரும் அதன் விலையைக் கொடுக்கவில்லை. வகுப்பில் நின்றவள் கொடுத்தாள்.

அக்கா சனிக்கிழமைதோறும் வீடு வீடாகப் போனார். நானும் கூடப் போனேன். புகார் சொல்ல நாங்கள் போனதில்லை. அது அவர் வைத்த கட்டுப்பாடு. பிள்ளையைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும், தேநீர் குடிக்க வேண்டும், ஆயா இருந்தால் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். "கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள் டீச்சர், தோலை உரித்துவிடுங்கள்" என்று அன்போடுதான் எங்களிடம் சொல்வார்கள். முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்று நம் ஆட்கள் கப்பலில் வரும்போதே கூடக் கொண்டுவந்த பேச்சு அது. அக்கா பதிலுக்கு, "தோல் எனக்கு எதற்கம்மா, ஞாயிற்றுக்கிழமை அவனைச் சீக்கிரம் தூங்க வையுங்கள், அது போதும்" என்பார்.

1980 ஏப்ரலில் பக்கத்து உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் இனவாரிக் கல்வியை எதிர்த்து வகுப்பைப் புறக்கணித்து மைதானத்தில் நின்றார்கள். அத்தனை பேரையும் எந்தப் பிரம்பால் அடிப்பது? அன்று வேலிக்கு வெளியே போலீஸ் வண்டி நின்றபோது பிள்ளைகளோடு மைதானத்தில் போய் நின்றவர்கள், நான் பார்த்தவரை, பெரும்பாலும் ஆசிரியைகள்தான்.

பிறகு 1996. தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம், எண் 84, பிரிவு 10. எந்தப் பள்ளியிலும் எவரும் எந்த மாணவரையும் உடலால் தண்டிக்கக்கூடாது. மீறினால் தாக்குதல் குற்றத்துக்குரிய தண்டனை கிடைக்கலாம். அதைப் படித்த அன்று எனக்குக் கண்ணீர் வந்தது, ஒளிக்கவில்லை. எதிர்ப்பும் இருந்தது. 196 கிறித்தவத் தனியார் பள்ளிகள் சேர்ந்து, பிரம்பு எங்கள் வேதத்தில் இருக்கிறது என்று அரசியல் சாசன நீதிமன்றம் வரை போயின. 2000 ஆகஸ்டில் நீதிமன்றம் மறுத்துவிட்டது. 2019 செப்டம்பரில் வீட்டில் பெற்றோர் கண்டிப்பு என்ற பெயரில் அடிப்பதற்கு இருந்த சட்டப் பாதுகாப்பும் போயிற்று.

ஆனால் சட்டம் வந்த அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. நாடு முழுவதும் ஆசிரியர்களைச் சமமாகப் பங்கிட வேண்டும் என்று, தொடக்கப் பள்ளியில் 40 பிள்ளைக்கு ஒருவர், உயர்நிலையில் 35 பிள்ளைக்கு ஒருவர் என்று கணக்கு வைத்தார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குச் சின்ன வகுப்பும் கறுப்புப் பிள்ளைகளுக்கு நெரிசலான வகுப்புமாக இருந்த அநியாயத்தை ஒழிக்க வேண்டியதுதான்; அந்த நோக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். அதற்கு அவர்கள் பிடித்த வழி, அனுபவம் உள்ளவர்களுக்குப் பணம் கொடுத்து அனுப்புவது. பேக்கேஜ் என்ற சொல் அந்த ஆண்டுகளில் ஒவ்வோர் ஆசிரியர் அறையிலும் கேட்டது. அக்காவும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். வகுப்பை எப்படிப் பிரம்பில்லாமல் நடத்துவது என்று நாற்பது வருஷம் செய்து காட்டியவர், அந்த அறிவு நாட்டுக்குத் தேவைப்பட்ட அதே நேரத்தில், வீட்டில் உட்கார்ந்து வெற்றிலைக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

2000இல் உடல் தண்டனைக்கு மாற்று வழிகள் என்று கல்வித் துறை ஒரு கையேடு வெளியிட்டது. எங்களுக்கு ஒரு பயிற்சி நாள் வைத்தார்கள். வந்தவர் நல்லவர்தான், இளைஞர். கதவருகே நின்று வரவேற்பது, குரலைத் தாழ்த்துவது, வீட்டாரோடு உறவு வைப்பது என்று புதிதாகக் கண்டுபிடித்ததைப்போல ஒவ்வொன்றாகச் சொன்னார். பிரம்பைக் கீழே வைத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் தவித்த ஆண்கள் எழுதிக்கொண்டார்கள். இருபத்தைந்து வருஷமாக இதைச் செய்துகொண்டிருந்த ஏழு ஆசிரியைகள் அதே அறையில் இருந்தோம். எங்களிடம் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நானும் கையைத் தூக்கிப் பேசவில்லை. அது என் தவறு.

அந்த நாட்களில் கறுப்பர் குடியிருப்பான உம்லாசியிலிருந்து சூலு பிள்ளைகள் டாக்சியில் எங்கள் பள்ளிக்கு வர ஆரம்பித்திருந்தார்கள். இவர்களை அடக்க முடியாது என்று சிலர் வாய் கூசாமல் பேசினார்கள். நான் அவர்களின் பெயர்களைச் சரியாக உச்சரிக்கக் கற்றேன். நாவைச் சொடுக்கிச் சொல்ல வேண்டிய எழுத்துகளுக்காக இரவில் கண்ணாடி முன் நின்று பழகினேன். சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்கும் போனேன். ஆயா இருந்த இடத்தில் அங்கே கோகோ, சூலு மொழியில் பாட்டி, இருந்தார். தேநீர் கொடுத்தார். மற்றதெல்லாம் சாட்ஸ்வொர்த்தில் நடந்ததுதான்.

நானும் ஒருவனை அடித்தேன் என்பதைச் சொல்லாமல் இதை முடிக்க எனக்கு மனமில்லை. அதே 1976. என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இன்ஸ்பெக்டர் கட்டடத்துக்குள் வந்துவிட்டார் என்று பக்கத்து வகுப்பிலிருந்து சைகை வந்தது. கையில் மர ஸ்கேல் இருந்தது. ஜன்னலோரம் இருந்த பையனின் உள்ளங்கையில் நான்கு முறை அடித்தேன். வகுப்பு உறைந்தது. இன்ஸ்பெக்டர் நுழைந்தபோது ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி இருந்தது. அறிக்கையில் நல்ல கட்டுப்பாடு என்று எழுதினார். வேலை நிரந்தரமாயிற்று.

அந்தப் பையனும் மார்ச் மாதம் மண்டபத்துக்கு வந்திருந்தார். நரைத்த தலை, நல்ல உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில் என்னிடம் வந்து, ஆங்கிலத்தில்தான், "மேடம், நீங்கள் ஒரு முறை என்னை அடித்தீர்கள். அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பல நாளாக நினைத்தேன்" என்றார்.

"நன்றி வேண்டாம்" என்றேன். "நீ ஒன்றுமே செய்யவில்லை. இன்ஸ்பெக்டர் வந்திருந்தார், எனக்குப் பயம். நீ ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாய், அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "அந்த நேரத்தில் அப்பா ராத்திரி வேலை முடிந்து அந்த வழியாக நடந்து வருவார் மேடம். தினமும் பார்ப்பேன்" என்றார்.